கறிச்சட்டி மேல் ஒரு குற்றச்சாட்டு

"இனிமே இந்த வீட்டுக்குள்ள கறி வரக் கூடாது."

என் கணவர் இந்த உத்தரவைப் போட்டபோது நான் கறியைக் கழுவிக்கொண்டிருந்தேன்.

"வந்துட்டதை என்ன பண்றது?"

"புதைச்சிடு."

"எங்கே? ரோஜாத் தொட்டியிலயா?"

"அப்ப எரிச்சிடு."

"அதைத்தான் பண்ணப் போறேன். அடுப்புல வெச்சு, வெங்காயம் போட்டு, நிதானமா."

அவர் சிரிக்கவில்லை. அவர் சிரிக்காதது ஒன்றும் புதிதல்ல. ஆனால் அன்று சமையலறை வாசலைத் தாண்டி உள்ளே வரவும் இல்லை. குழாயை மூடிவிட்டுத் திரும்பினேன்.

"எரிச்சாலும் சாகாது. கொதிக்க வெச்சாலும் சாகாது. குக்கர் கத்திக் கத்தித் தொண்டை கட்டினாலும் சாகாது," என்றார். "ஏன்னா அதுக்கு உயிரே கிடையாது."

"உயிரே இல்லாதது ஆளை எப்படிங்க கொல்லும்?"

"வதந்தி கொல்லலையா? அதே மாதிரிதான். அது ஒரு புரதம். 'பிரியான்'னு பேரு. மூளையில ஒழுங்கா மடிஞ்சு உக்காந்திருக்கிற புரதம் ஒண்ணு திடீர்னு தப்பா மடிஞ்சிடும். பக்கத்துல இருக்கிறது அதைப் பார்த்துத் தானும் தப்பா மடியும். அது அடுத்ததைக் கெடுக்கும். கடைசியில மூளையே சல்லடை."

நீங்கள் ஒரு சட்டையை மடித்து வைத்தால் நம் அலமாரியிலும் இதேதான் நடக்கிறது என்று சொல்ல வாயெடுத்தேன். சொல்லவில்லை. அவருடைய அண்ணன் அந்த நோயில்தான் போனார்.

அந்தப் பெரியவர் பள்ளிக்கூட பஸ் ஓட்டியவர். எந்தத் தெருமுனையில் எந்தப் பிள்ளை ஏறும், எது வீட்டுப்பாடம் எழுதாமல் வயிற்றுவலி என்று நடிக்கும் என்பதெல்லாம் அவருக்கு மனப்பாடம். ஒருநாள் காலை வண்டி நிறையப் பிள்ளைகளோடு நாற்சந்தியில் பஸ்ஸை நிறுத்தினார். திரும்பிப் பார்த்து, "அடுத்து எந்தப் பக்கம்?" என்று கேட்டார். பிள்ளைகளுக்கு ஒரே குஷி. ஏதோ விளையாட்டு என்று நினைத்து ஆளுக்கொரு பக்கம் கையைக் காட்டினார்கள். அவர் ஒவ்வொரு கையாகப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தார். பின்னால் ஹாரன் மேல் ஹாரன்.

அதற்குப் பிறகு எல்லாம் மளமளவென்று நடந்தது. நடை தடுமாறியது. கதவு சாத்துகிற சத்தத்துக்குக்கூட உடம்பு தூக்கிவாரிப் போட்டது. சொந்த மனைவியைப் பார்த்து, "நீங்க யாருங்க?" என்று மரியாதையாகக் கேட்டார். பிறகு கேட்பதற்கும் பேச்சு இல்லை. அடுத்த வகுப்புக்குப் பிள்ளைகள் புதுப் பை மாட்டிக்கொண்டு போனபோது பஸ்ஸில் வேறு டிரைவர் இருந்தார்.

டாக்டர் நோயின் பெயரைச் சொன்னார், காரணத்தைச் சொல்லவில்லை. "பெரும்பாலும் தானாவே வர்றதுங்க. வருஷத்துக்குப் பத்து லட்சம் பேர்ல ஒருத்தர் ரெண்டு பேருக்கு வரும். ஏன்னு எங்களுக்கும் தெரியலை" என்றார். எனக்கு அந்த டாக்டரைப் பிடித்துப்போனது. கான்வென்ட்டில் எங்கள் சயின்ஸ் சிஸ்டர், 'தெரியாது' என்று எழுதினால் பூஜ்யம்தான் போடுவார். தெரியாததைத் தெரிந்தமாதிரி அளந்துவிட்டால் வராந்தாவில் முட்டிபோட வைப்பார்.

என் கணவர் அந்த சிஸ்டரிடம் படிக்கவில்லை. அவர் இன்ஷூரன்ஸ் சர்வேயர். எங்காவது கடை எரிந்தால், கிடங்கில் தண்ணீர் புகுந்தால், டார்ச்சும் டேப்பும் எடுத்துக்கொண்டு போய், சாம்பலைக் கிளறி, யாரால் ஆச்சு, எதனால் ஆச்சு என்று ரிப்போர்ட் எழுதுவது அவர் தொழில். காரணம் இல்லாத நெருப்பு அவர் சர்வீஸிலேயே கிடையாது. ஒன்று, வயர் உரசியிருக்கும். இல்லையென்றால், ஓனர் உரசியிருப்பார். வீட்டில் பால் பொங்கி வழிந்தால்கூட அடுப்பருகே வந்து நின்று, "சம்பவத்தின்போது நீ எங்க இருந்தே?" என்பார்.

அப்படிப்பட்ட மனிதருக்குச் சொந்த அண்ணன் காரணமே இல்லாமல் செத்துப்போனார் என்பது தொண்டையில் இறங்குமா?

ஆனாலும் எனக்கு ஒன்று இடித்தது. பெரியவர் போய் மாதக்கணக்காகிவிட்டது. அதுவரை கறிச்சட்டியை வழித்து வழித்துச் சாப்பிட்டவருக்குத் திடீரென்று என்ன ஞானோதயம்? அதுவும் இந்த வாரம்? முந்தின நாள்தான் வெளியூரில் இருக்கும் எங்கள் மகள் போன் பண்ணி, தான் உண்டாகியிருப்பதைச் சொன்னாள். அந்தச் சந்தோஷத்தில் வாங்கியதுதான் குழாயடியில் கிடந்த கறி.

தடையுத்தரவு எங்கள் வீட்டோடு நின்றிருந்தால் நானும் நாலு நாள் கீரையை ஆய்ந்துவிட்டுப் போயிருப்பேன். நிற்கவில்லை. மாடிப்படி இறங்கியது.

எங்களுக்கு நேர் கீழ்வீடு அக்கா. என் ஓர்ப்படி, பெரியவரின் மனைவி. ஞாயிறு மதியம் இரண்டு வீட்டுக்கும் அவர் கைச் சாப்பாடுதான். கறி வைப்பதில் அக்காவை அடித்துக்கொள்ள ஆள் கிடையாது. நல்லியெலும்பாகப் பார்த்து எடுத்து, பெரியவர் தட்டில் ஒன்று, தம்பி தட்டில் ஒன்று வைப்பார். இரண்டு பேரும் உறிஞ்சுகிற சத்தம் கேட்ட பிறகுதான் தான் ஒரு வாய் எடுப்பார். பெரியவர் போன பிறகும் அந்த ஞாயிற்றுக்கிழமைகள் நிற்கவில்லை. அக்கா நேராக நின்றதே அந்தச் சட்டியைப் பிடித்துக்கொண்டுதான்.

அந்த ஞாயிறு அக்கா மூடியைத் திறந்தார். என் கணவர் தட்டின் மேல் கையை வைத்து மூடினார்.

"வேணாம் அண்ணி. நீங்களும் சாப்பிடாதீங்க."

"ஏன் தம்பி, உடம்புக்கு ஏதாவது?"

"அண்ணனுக்கு இதாலதான் வந்துச்சு."

"எதால?"

சர்வேயர் சட்டியைக் காட்டினார். எரிந்த கடையில் சுவிட்ச் போர்டைக் காட்டுவது போல.

அக்கா கரண்டியைக் கீழே வைத்தார். "வாரா வாரம் நான்தானே போட்டேன். நல்லி இல்லைன்னா அவருக்குச் சாப்பிட்ட மாதிரியே இருக்காதேன்னு கடைக்காரன்கிட்ட சண்டை போட்டு வாங்கிட்டு வந்து போட்டேன்."

"நான் உங்களைச் சொல்லலை அண்ணி. கறியைத்தான் சொல்றேன்."

"கறி தானா நடந்து தட்டுக்கு வந்துச்சா தம்பி?"

மூடியை எடுத்துச் சட்டியின் மேல் வைத்தார். சத்தமே வராமல் வைத்தார். பதில் சொல்ல வாய் திறந்த என் கணவரை மேசைக்கு அடியில் நான் ஒரு மிதி மிதித்தேன். காலம் கடந்த மிதி.

அன்றோடு அக்காவின் அடுப்பில் சட்டி ஏறவில்லை. கஞ்சி, ரொட்டி, அதுவும் பாதி. ரவிக்கை தோளில் தொங்கியது. எங்கள் வீட்டிலிருந்து எதைக் கொண்டுபோனாலும், "நீ போடு, நான் சாப்பிடுறேன். என் கையால இனிமே யாருக்கும் எதுவும் வேணாம்" என்பார். ஒருநாள் போனேன். சட்டி பானைகளை அட்டைப் பெட்டியில் அடுக்கிக்கொண்டிருந்தார்.

"என்னக்கா இது?"

"தங்கச்சி வீட்டுக்குப் போயிடலாம்னு இருக்கேன். இந்த மாசக் கடைசியில. அங்க சமைக்க ஆள் இருக்கு. நான் அடுப்பங்கரைப் பக்கமே போக வேணாம்."

"பேரப்பிள்ளை வரப்போகுது, இப்பப் போய்…"

"அதான் போறேன். பிள்ளை பொறந்தா நான் ஏதாவது ஊட்டி விட்டுடுவேன்."

இதை அழாமல் சொன்னார். நான் அழுகையும் ஆத்திரமுமாக மாடியேறினேன். சர்வேயர் பாகற்காயோடு உட்கார்ந்திருந்தார்.

"ஆட்டுக்கறியால மனுஷனுக்கு இது வந்ததுன்னு யாருங்க சொன்னா?"

"மாட்டால வந்திருக்கே! ஒரு நாட்டுல மாடெல்லாம் கிறுக்குப் பிடிச்சு விழுந்து, அந்தக் கறியைத் தின்னவங்க செத்தாங்களா இல்லையா?"

"செத்தாங்க. அது வேற வகை. உங்க அண்ணனுக்கு வந்தது அந்த வகை இல்லைன்னு டாக்டர் சொன்னாரே. ஆட்டுக்கும் இந்த மாதிரி ஒண்ணு இருக்கு, ரொம்ப தலைமுறையா இருக்கு, அதுல இருந்து மனுஷனுக்கு வந்ததா யாரும் நிரூபிக்கலைன்னு நீங்க ஆதாரம்னு காட்டின கட்டுரையிலயே போட்டிருக்கு. கடைசிப் பக்கத்துல. நீங்க அதுவரைக்கும் போகலை."

"நிரூபிக்கலைன்னா ஆபத்தே இல்லைன்னு அர்த்தமா?"

"இல்லை."

நான் ஒப்புக்கொண்டதில் அவருக்கே கொஞ்சம் ஏமாற்றம். ஆனாலும் விடவில்லை.

"மான் கறியில இருக்கிறது மனுஷனுக்கு வருமா வராதான்னு இன்னைக்கும் விஞ்ஞானிங்க அடிச்சுக்கிறாங்க, தெரியுமா?"

"நம்ம வீட்டுல எப்பங்க மான் சமைச்சோம்?"

"ஒரு பேச்சுக்குச் சொல்றேன்."

"நானும் ஒரு பேச்சுக்குக் கேக்கறேன். கறியே தொடாதவங்களுக்கும் இந்த நோய் வருதே, அவங்க யார் சட்டியில சாப்பிட்டாங்க? நான் சாப்பிட்டேன், நீங்க சாப்பிட்டீங்க, அக்கா சாப்பிட்டாங்க. நமக்கு ஏன் வரலை?"

"உள்ள தூங்கிக்கிட்டு இருக்கலாம். வருஷக்கணக்கா தூங்கும்."

இந்த வாதத்தோடு மோத முடியாது. நோய் வந்தால் கறியால் வந்தது. வராவிட்டால் இனிமேல் வரும். கேள்வியைத் தப்பு என்று நான் சொல்லமாட்டேன். பெரிய பெரிய ஆய்வுக்கூடங்களில் படித்தவர்கள் கேட்கிற கேள்விதான். ஆனால் அவர்கள் யாரும் அதைத் தூக்கிக்கொண்டுபோய்த் தங்கள் அண்ணியின் அடுப்பங்கரையில் இறக்கவில்லை.

"கீழ போய், 'கறியால வந்துச்சுன்னு உறுதியா சொல்ல முடியாது அண்ணி'ன்னு ஒரு வார்த்தை சொல்லுங்க. போதும்."

"எழுதின ரிப்போர்ட்டை மாத்தி எழுதற பழக்கம் எனக்குக் கிடையாது."

சரி. அவர் ரிப்போர்ட் எழுதுகிறவர் என்றால் நான் அவர் சட்டையைத் துவைக்கிறவள்.

கீரையும் பயறும் தின்கிற மனிதரின் பெல்ட் ஒரு ஓட்டை வெளிப்பக்கமாக நகர்ந்திருந்தது. அதைக்கூட வயசு என்று விட்டுவிடலாம். வலது கை மணிக்கட்டுப் பட்டியின் உள்பக்கத்தில் எண்ணெய்க் கறை. சோப்புக்கு அசையாத மஞ்சள் கறை. சாதம் பிசைகிறவன் கையில் எண்ணெய் விரலோடு நிற்கும். எலும்பைச் செங்குத்தாகத் தூக்கிப் பிடித்து உறிஞ்சுகிறவனுக்கு மட்டும்தான் அது மணிக்கட்டு வழியாகச் சட்டைக்குள் இறங்கும்.

"இப்ப எந்த இன்ஸ்பெக்ஷன் போயிட்டிருக்கு?" என்று சாதாரணமாகக் கேட்டேன்.

"அதே சாப்பாட்டுக் கடைதான். பின்னாடி சமையல்கட்டு எரிஞ்சதுன்னு சொன்னேனே."

"ஒரு அடுப்படி எரிஞ்சதுக்கு இத்தனை வாரமா?"

"சிக்கலான கேஸ்."

"மதியத்துல மட்டும்தான் சிக்குமா?"

"சாட்சிங்க அந்த நேரத்துலதான் கிடைக்கிறாங்க."

மறுநாள் மதியம் நான் அந்தக் கடைக்கு எதிர்ப்புறம், மருந்துக்கடை நிழலில் நின்றேன். முன்பக்கம் முழுக்கக் கண்ணாடி. உள்ளே சர்வேயர் சாட்சியை இரண்டு கையாலும் பிடித்து உறிஞ்சிக்கொண்டிருந்தார்.

நேரே போய்த் தட்டைக் கவிழ்த்திருப்பேன். அவர் முகம் தடுத்தது. திருட்டுத்தனமாகத் தின்கிறவன் முகத்தில் ஒரு சந்தோஷமாவது இருக்குமே, அது இல்லை. எலும்பைக் கீழே வைத்தார். கண்ணை மூடி, உதட்டை அசைத்து ஏதோ முணுமுணுத்தார். நின்றார். நெற்றியைச் சுளித்தார். முதலிலிருந்து மறுபடி தொடங்கினார்.

சத்தம் கேட்காவிட்டாலும் இந்த முணுமுணுப்பு எனக்குத் தெரியும். குளியலறையில் தினமும் காலையில் கேட்கிறது. "தண்ணித் தொட்டி, அச்சகம், மரக்கடை, ரெட்டை வீடு, ஆஸ்பத்திரி வளைவு…" ஏதோ கேஸ் விலாசம் என்று நினைத்து விட்டிருந்தேன்.

வீட்டுக்கு நடந்துகொண்டே யோசித்தேன். கறி ஆளைக் கொல்லும் என்று நிஜமாகவே நம்புகிறவர் கறி தின்னமாட்டார். இவர் தின்கிறார். அப்படியானால் நம்பவில்லை. நம்பாத ஒன்றை ஏன் இத்தனை பிடிவாதமாகப் பிடித்துத் தொங்க வேண்டும்?

நேராகக் கீழ்வீட்டுக்குப் போனேன். அக்கா டம்ளர்களைப் பழைய துணியில் சுற்றிக்கொண்டிருந்தார்.

"அக்கா, தண்ணித் தொட்டி, அச்சகம், மரக்கடை… இது என்னன்னு தெரியுமா?"

"தெரியாமலா? அவரோட பஸ் நிக்கிற இடம். அந்த வரிசையிலதான் பிள்ளைங்களை ஏத்துவாரு. கடைசியில அதுல ஒண்ணுகூட ஞாபகம் இல்லை அவருக்கு."

நான் பெட்டிமேலேயே உட்கார்ந்துவிட்டேன். மனிதர் ஒவ்வொரு நாளும் தனக்குத்தானே பரீட்சை வைத்துக்கொண்டிருக்கிறார். அண்ணனுக்கு மறந்தது தனக்கும் மறக்கத் தொடங்கிவிட்டதா என்று.

"டாக்டர் பரம்பரை, ரத்தம், அந்த மாதிரி ஏதாவது சொன்னாராக்கா?"

அக்காவின் கை நின்றது. "சில குடும்பத்துல ரத்தத்துல இறங்கி வர்ற வகையும் உண்டுன்னார். அவர் இருக்கும்போதே ரத்தம் எடுத்து எங்கேயோ அனுப்பினாங்க. தம்பிக்குத் தெரியும். ஆனா டாக்டர் அந்தப் பேச்சை எடுத்தாலே வராந்தாவுக்குப் போயிடுவாரு."

"முடிவு வந்துச்சா?"

"தம்பி சட்டியைக் காட்டிச் சொன்னாரே, அதுக்கு மறுவாரம் கூப்பிட்டுச் சொன்னாங்க. பரம்பரை இல்லையாம்."

"இதை ஏன்க்கா எங்ககிட்ட சொல்லலை? எவ்வளவு நல்ல செய்தி!"

"உங்களுக்கு நல்ல செய்தி." அக்கா டம்ளரைப் பெட்டிக்குள் வைத்தார். "ரத்தம் இல்லைன்னா மிச்சம் என்னடி இருக்கு? என் சட்டிதானே? அதை நானே மாடியேறி வந்து சொல்லணுமா?"

"தானா வர்றதுன்னு டாக்டர் சொன்னாரே!"

"அவர் யாருக்கோ பாடம் நடத்தற மாதிரி சொன்னார். தம்பி என் முகத்தைப் பார்த்துச் சொன்னார்."

எனக்கு இப்போது எல்லாம் விளங்கியது. மேலே இருக்கிறவர், கறி இல்லையென்றால் ரத்தம், ரத்தம் என்றால் தான், தன் மகள், அவள் வயிற்றில் இருக்கிறது என்று பயந்துபோய்க் கறியை இறுகப் பிடித்துக்கொண்டிருக்கிறார். கீழே இருக்கிறவர், ரத்தம் இல்லையென்றால் கறி, கறி என்றால் தன் கை என்று நம்பி வாயைத் தைத்துக்கொண்டிருக்கிறார். நடுவில் ஒரு மாடிப்படி. 'ஏன் என்று தெரியவில்லை' என்று டாக்டர் சொன்னதை இரண்டு பேரும் கேட்கவில்லை.

ஓடிப்போய் அவரிடம் ரத்த முடிவைச் சொல்லியிருக்கலாம். சொன்னால் என்ன ஆகும்? நிம்மதியாக மூச்சு விடுவார். விட்ட கையோடு, "பாத்தியா, அப்ப கறியேதான்" என்று ரிப்போர்ட்டில் முத்திரை குத்துவார். அக்காவிடம், அவர் கறி தின்கிறார் என்று சொன்னால் "என்னைச் சமாதானப்படுத்தச் சொல்றே" என்பார். இரண்டு பேரும் ஒரே மேசையில், ஒரே எலும்பைப் பார்த்தாக வேண்டும்.

"அக்கா, ஊருக்குப் போறதுன்னா நல்ல பெட்டியா ஒண்ணு வேணாமா? வாங்க, நாளைக்கு மதியம் போய்ப் பாத்துட்டு வரலாம்" என்றேன்.

மறுநாள், பெட்டி விற்கிற கடையைத் தாண்டி நான் நடந்தபோது அக்கா, "ஏய், கடை இங்க இருக்குடி" என்றார். "கொஞ்சம் தண்ணி குடிச்சிட்டு வரலாம்க்கா" என்று சாப்பாட்டுக் கடைக்குள் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனேன். எரிந்த வாடை இன்னும் இருந்தது. அதையும் மீறிக்கொண்டு மசாலா வாடை.

சர்வேயர் அதே மேசையில். நல்லியெலும்பு வாயில். எங்களைப் பார்த்தார். எலும்பை எடுக்கவும் தோன்றவில்லை, விடவும் தோன்றவில்லை. புல்லாங்குழல் வாசிக்கிறவர் மாதிரி அப்படியே இருந்தார்.

நாங்கள் எதிரே உட்கார்ந்தோம்.

கடைக்காரர் ஓடி வந்தார். "சாரோட வீட்டு ஆளுங்களா? வாங்கம்மா, வாங்க! சார் மாதிரி ஒரு ஆபீசரைப் பார்த்ததே இல்லைம்மா. ஒரு நாள் தவறாம வந்து விசாரிக்கிறார். அவருக்குன்னே நல்லி தனியா எடுத்து வெச்சிடுவோம்."

"ரொம்ப நல்லதுங்க," என்றேன். "எங்களுக்கு ரெண்டு தண்ணி மட்டும்."

அவர் போனதும் கேட்டேன். "இது கோழியா?"

எலும்பு தட்டுக்கு இறங்கியது. "…ஆடு."

"இதுல இருக்கிறது எரிச்சாலும் சாகாதுன்னீங்க."

தட்டைக் கொஞ்சம் தள்ளி வைத்தார்.

"ஆளைக் கொல்லும்னு நம்புறவர் தினமும் வந்து சாப்பிடுவாரா?"

அவர் என்னைப் பார்க்கவில்லை. அண்ணியையும் பார்க்கவில்லை. தட்டைப் பார்த்துச் சொன்னார். "கறியால இல்லைம்மா. கறியா இருந்துடக் கூடாதான்னு நினைச்சேன்."

அக்கா நிமிர்ந்தார்.

"கறின்னா நிறுத்திடலாம். இன்னையோட முடிஞ்சது. ரத்தம்னா எப்படி நிறுத்தறது? எங்க அண்ணன் ரத்தம்தானே எனக்கும். நான் போனாக்கூடப் பரவாயில்லை. அந்தப் பொண்ணு வயித்துல ஒண்ணை வெச்சுக்கிட்டு, 'அப்பா, பேர் யோசிங்க'ன்னு போன் பண்ணுது. நான் என்னத்தை யோசிப்பேன்? எனக்கு அந்தப் பேர் எத்தனை நாள் ஞாபகம் இருக்கும்?"

கையில் எண்ணெய் வழிந்துகொண்டிருந்தது. கண்ணைத் துடைக்க வழியில்லாமல் தோளில் தேய்த்துக்கொண்டார். இத்தனை வருஷக் குடித்தனத்தில் இந்த மனிதர் அழுது நான் பார்த்ததில்லை, ஆஸ்பத்திரியிலும் அழவில்லை.

"ரத்தம் இல்லை தம்பி," என்றார் அக்கா.

"என்ன அண்ணி?"

"ரத்தத்துல இல்லையாம். டெஸ்ட் வந்துடுச்சு. உங்களுக்கும் இல்லை, பிள்ளைக்கும் இல்லை."

"எப்ப வந்துச்சு? ஏன் அண்ணி சொல்லலை?"

"ரத்தம் இல்லைன்னா நான்தானே கொன்னது. அதை என் வாயால எப்படிச் சொல்றது?"

என் கணவர் எழுந்துவிட்டார். நாற்காலி பின்னால் சாய்ந்து விழுந்தது. பக்கத்து மேசைக்காரர்கள் சாப்பாட்டை நிறுத்திப் பார்த்தார்கள். எண்ணெய் வழியும் இரண்டு கையையும் தூக்கிக் கும்பிட்டார்.

"நீங்க இல்லை அண்ணி. உங்க சட்டி இல்லை. அதுக்கு ஒரு ஆதாரமும் கிடையாது. அது தெரிஞ்சேதான் எழுதினேன். என் பயத்துக்கு ஒரு இடம் வேணும்னு உங்க அடுப்பைக் காட்டிட்டேன்."

"அப்ப எதாலதான் தம்பி அவர் போனாரு?"

சர்வேயர் வாயைத் திறந்தார். மூடினார். "தெரியலை அண்ணி," என்றார். அவர் அந்த வார்த்தையைச் சொல்லி அன்றுதான் கேட்டேன். ரொம்பக் கஷ்டப்பட்டுத்தான் வெளியே வந்தது.

நான் நாற்காலியைத் தூக்கி நிமிர்த்தி அவரை உட்கார வைத்தேன். தெரியாததோடு உட்கார்ந்திருப்பது சுலபமில்லை. பிறகு அக்கா கையை நீட்டி, அவர் தட்டிலிருந்து ஒரு துண்டுக் கறியைப் பிய்த்து வாயில் போட்டார். மென்றார். நாங்கள் இரண்டு பேரும் அவர் தாடையையே பார்த்துக்கொண்டிருந்தோம்.

"வேகவே இல்லை," என்றார் அக்கா. "இதையா தினமும் வந்து தின்னீங்க?"

அட்டைப் பெட்டிகள் அன்று மாலையே பிரிந்தன. சட்டிகளை நான் எடுத்துக் கொடுக்க, அக்கா அடுக்கினார். நான் வைத்த இடம் எதுவும் அவருக்குப் பிடிக்கவில்லை. திட்டிக்கொண்டே மாற்றி வைத்தார். அந்தத் திட்டைக் கேட்க எனக்குத் தேன் மாதிரி இருந்தது.

என் கணவர் மகளுக்குப் போன் போட்டார். ஒரே மூச்சில் பெயர்களாக அடுக்கினார். ஆணுக்கு, பெண்ணுக்கு, இரட்டையாகப் பிறந்தால் அதற்கும். குளியலறையில் முணுமுணுப்பு நின்றது. அதற்குப் பதில் பாட்டு. முணுமுணுப்பே தேவலை.

"என் ரத்தத்துல ஒண்ணும் இல்லையாம்!" என்று பால்காரரிடம்கூடச் சொன்னார். சொல்லிச் சொல்லி ஆசை அடங்கவில்லை. அதை ஆதாரத்தோடு நிரூபிக்க வேண்டும் என்று ரத்தப் பரிசோதனைக்கு அவரே போனார். யாரும் போகச் சொல்லவில்லை. அங்கே இருக்கிற அத்தனை டெஸ்ட்டையும் எடுங்கள் என்றாராம்.

எடுத்தார்கள். ரத்தத்தில் கொழுப்பு எல்லை தாண்டி எங்கேயோ போயிருந்தது. வாரக்கணக்காக மதியம் தவறாமல் சாட்சிகளை உறிஞ்சியதன் பலன். "இதுல 'தெரியலை'ன்னு எல்லாம் எதுவும் இல்லை சார்," என்றார் எங்கள் டாக்டர். "காரணம் பளிச்சுனு தெரியுது. கறி கூடாது. நல்லி பக்கமே போகாதீங்க."

ஞாயிறு வந்தது. கீழ்வீட்டு மேசை. அக்கா மூடியைத் திறந்ததும் அறையெல்லாம் வாசனை. என் தட்டில் கறி வைத்தார். தன் தட்டில் வைத்துக்கொண்டார். தம்பியின் தட்டில் வேகவைத்த சுரைக்காயை வைத்தார். அவர் அதையும் பார்த்தார், சட்டியையும் பார்த்தார்.

"அண்ணி," என்றார் குழந்தை மாதிரி, "ஒரே ஒரு நல்லி."

அக்கா கரண்டியைச் சட்டிக்குள் போட்டு, மூடியை டொக்கென்று மூடினார்.

"சாப்பாடு போட்டு ஆளைக் கொன்னேன்னு ஒரு தடவை பேர் வாங்கினது போதும் தம்பி. சுரைக்காயைச் சாப்பிடுங்க."